கடைசி வரிசையில ஒரு வயோலா

போன வாரம் ஒரு வீட்டு கொலுவுக்குப் போயிருந்தேன். (சுண்டல் பிரமாதம். மாங்காயெல்லாம் கீறிப் போட்டு. அதுக்குத் தனி பதிவே எழுதலாம்.)

அங்க ஒரு மாமா. எல்லா ஊர் கொலுவுலயும் ஒருத்தர் இருப்பாரே, அந்த மாமா.

"பொண்ணு பாட்டு கத்துக்கறாளா?"

"ஆர்கெஸ்ட்ரால வாசிக்கறா மாமா."

"சபாஷ். வயலினா?"

"வயோலா."

"ஏன், வயலின் கிடைக்கலையா?"

(சுண்டலை மென்னுக்கிட்டே இருந்ததால பதில் சொல்ல முடியல. நல்லதாப் போச்சு.)

"முன் வரிசையா?"

"இல்ல மாமா. கடைசி."

மாமா முகம் வாடிப் போச்சு. பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு பக்கத்து வீட்டுல துக்கம் விசாரிக்கற குரல்ல சொன்னார்: "பரவாயில்லம்மா. அடுத்த வருஷம் முன்னாடி வந்துருவா. காலேஜ் அப்ளிகேஷன்ல வரிசையெல்லாம் போட மாட்டாங்க."

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு எரிச்சல். மாமா மேல இல்லைங்க. கொஞ்ச நாள் முன்னாடி நானும் அச்சு அசலா இதையே கேட்டேனே, அந்த என் மேல.

அதான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும். காபி எடுத்துக்கோங்க.

*

நாங்க இருக்கறது பீவர்ட்டன். போர்ட்லாந்து பக்கத்துல, ஆரிகன் மாநிலம். மழை ஊர். கம்ப்யூட்டர் சிப் வேலைக்கு வந்து இறங்கின தமிழ்க் குடும்பங்க நிறைய. எங்க வீட்டுக்காரரும் அப்படி வந்தவர் தான்.

இங்க பள்ளிக்கூடத்துல ஆறாவது வந்ததும் பிள்ளைங்க ஏதாவது ஒரு வாத்தியம் எடுக்கலாம். எல்லாரும் வயலின் கேட்டாங்க. எங்க பொண்ணு வயோலான்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டா. ஏன்டின்னு கேட்டா, "வயோலாவுக்கு ஆளே இல்லம்மா, டீச்சர் பாவமா இருந்தாங்க"ங்கறா. (இரக்க குணம் அவங்க அப்பா வழி.)

வயோலான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பாக்க வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெருசு. குரல் அஞ்சு சுரம் கீழ. வயலின் கீச்சுனு பேசுற தங்கச்சின்னா, வயோலா தொண்டை கட்டின அக்கா.

நான் என்ன பண்ணேன்? ஆன்லைன்ல பதினாறு இன்ச் வயோலா ஒண்ணு ஆர்டர் பண்ணேன். ஃபுல் சைஸ், வளர்ற பொண்ணு, பெருசா வாங்கினா நாலு வருஷம் ஓடும்னு கணக்கு. ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்கற புத்தி எங்க போகும்?

வந்துச்சு. பொண்ணு தோள்ல வச்சா. கை நுனி வரைக்கும் போகல. இடுப்புல குழந்தையைத் தூக்கின மாதிரி நிக்கறா.

அது போதாதுன்னு வில்லை இழுத்தா சத்தமே வரல. ஒரு சின்ன காத்து. அவ்வளவு தான். டூப்ளிகேட் சரக்கைத் தலைல கட்டிட்டாங்கன்னு நான் கஸ்டமர் கேர்ல அரை மணி நேரம் சண்டை போட்டேன்.

மறுநாள் டீச்சர் பாத்துட்டு பொறுமையா கேட்டாங்க: "ராசின் போட்டீங்களா?"

ராசினா?

புது வில்லோட குதிரை முடில ராசின்னு ஒரு பிசின் கட்டியைத் தேய்க்கணும். தேய்க்காட்டா முடி கம்பி மேல வழுக்கிட்டுப் போயிரும், சத்தம் வராது. (நம்ம ஊரு வயலின் வித்வான்களும் தேய்க்கறாங்க. நான் தான் கச்சேரில போண்டாவைப் பாத்துட்டு இருந்திருக்கேன்.)

பதினாறு இன்ச் திரும்பிப் போச்சு. பதிமூணு இன்ச் வாடகைக்கு வந்துச்சு. வளர வளர கடைல மாத்திக் கொடுப்பாங்க. இது முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லல. அதான் நான் சொல்றேன்.

*

அப்புறம் தான் யூத் ஆர்கெஸ்ட்ரா விஷயம் வந்துச்சு.

"ஸ்கூல்ல தான் ஆர்கெஸ்ட்ரா இருக்கே. தனி டீச்சர் கிட்டயும் போறா. இது எதுக்கு மூணாவதா ஒண்ணு?"

இது நான் கேட்டது. நியாயமான கேள்வி தான். பெட்ரோல் விலை அப்படி.

டீச்சர் சொன்ன பதிலை என் பாஷைல சொல்றேன். தனி டீச்சர் வாத்தியம் சொல்லித் தருவாங்க. ஸ்கூல் எல்லாரையும் சேத்துக்கும், நேத்து ஆரம்பிச்சவனும் இருப்பான், ஆறு வருஷம் வாசிச்சவளும் இருப்பா. யூத் ஆர்கெஸ்ட்ரான்னா ஊர் முழுக்க இருக்கற பள்ளிக்கூடங்கள்ல இருந்து ஆடிஷன் வச்சு எடுத்து, பெரியவங்க வாசிக்கற அதே சிம்பொனியைப் பிள்ளைங்க கையில கொடுக்கறது. குழந்தைங்களுக்குன்னு வெட்டிச் சுருக்கினது இல்ல. பீத்தோவன்னா பீத்தோவன் எழுதின மாதிரியே.

எங்க ஊர்ல அது போர்ட்லாந்து யூத் ஃபில்ஹார்மோனிக். 1924ல ஆரம்பிச்சது. அமெரிக்காவோட முதல் யூத் ஆர்கெஸ்ட்ரான்னு இதைத் தான் சொல்றாங்க. நூறு வருஷம் தாண்டியாச்சு.

நூறு வருஷம்னதும் எனக்கு ஒரு பிம்பம் வந்துச்சு. பெரிய பணக்காரர், அவரோட பங்களா, வெள்ளை கையுறை, ஷாண்டிலியர்.

தேடிப் படிச்சா கதை ஆரம்பிக்கறது போர்ட்லாந்துல கூட இல்லைங்க. ஒரு பொட்டக்காட்டுல.

*

ஆரிகன்னா பச்சைப் பசேல்னு நினைப்பீங்க. மலைத்தொடரைத் தாண்டி கிழக்க போனா வேற மாநிலம் மாதிரி இருக்கும். மேட்டுப் பாலைவனம். மாட்டுப் பண்ணை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் சேஜ்பிரஷ்னு சாம்பல் பச்சையில ஒரு புதர். அங்க பர்ன்ஸ்னு ஒரு சின்ன ஊர். போர்ட்லாந்துல இருந்து காருலயே அஞ்சு மணி நேரம் ஆகும், இன்னைக்கு ரோட்டுல.

1910 வாக்குல அந்த ஊருக்கு மேரி டாட்ஜ்னு ஒரு அம்மா போயிருக்காங்க. வயலின் வாசிப்பாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்க நாங்களும் வாசிக்கணும்னு நின்னுதுங்க. வாத்தியம்? அந்தம்மாவே வாங்கிக் கொடுத்தாங்க.

மாடு மேய்க்கற ஊர்ல குழந்தைங்க ஆர்கெஸ்ட்ரா. பேரு என்ன தெரியுமா? சேஜ்பிரஷ் சிம்பொனி. நம்ம ஊருக்கு மாத்தினா "கருவேலங்காட்டு கச்சேரி செட்". எனக்கு அந்தப் பேரு அவ்வளவு பிடிச்சுப் போச்சு.

இந்தப் பசங்க மாநிலம் சுத்தி வாசிச்சிருக்காங்க. தலைநகரம் சேலத்துல நடக்கற மாநிலப் பொருட்காட்சியிலயும் வாசிச்சாங்க. (ஆமா, இங்கயும் ஒரு சேலம் இருக்கு. மாம்பழம் கிடையாது. அம்மா கேட்டாச்சு.)

1918ல அந்தம்மா போர்ட்லாந்துக்கு வந்துட்டாங்க. சேஜ்பிரஷ் சிம்பொனி கலைஞ்சு போச்சு. நானா இருந்தா அத்தோட போதும்னு உக்காந்திருப்பேன். அவங்க இர்விங்டன்ங்கற பகுதியில வயலின் வகுப்பு ஆரம்பிச்சு, பத்துப் பன்னெண்டு பிள்ளைங்களோட மறுபடியும் முதல்ல இருந்து. கொஞ்ச வருஷத்துல ஐம்பது பேரைத் தாண்டிப் போச்சு.

ஐம்பது பேரை மேய்க்க ஒரு கண்டக்டர் வேணும். (பஸ் கண்டக்டர் இல்ல. ஆனா வேலை கிட்டத்தட்ட அதே தான். யாரும் முன்கூட்டி இறங்கிடாம பாத்துக்கணும்.)

*

வந்து சேந்தவர் ஜாக் கெர்ஷ்கோவிச். பொறந்தது சைபீரியாவுல இர்குட்ஸ்க். படிச்சது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரி. ரிம்ஸ்கி-கோர்சகோவ், கிளாசுனோவ்னு பாடப் புத்தகத்துல வர்ற ஆளுங்க நடமாடின இடம். அப்புறம் புரட்சி. ஊரை விட்டுக் கிளம்பி, கிழக்காசியா வழியா, நடுவுல அன்னா பாவ்லோவாவோட நாட்டியக் குழுவோட வேலை பாத்துக்கிட்டு, கடைசில அமெரிக்கா.

சைபீரியாக்காரர் ஒருத்தரும் பொட்டக்காட்டுல இருந்து வந்த ஒரு வயலின் டீச்சரும். இவங்க ரெண்டு பேரும் சேந்தது தான் போர்ட்லாந்து ஜூனியர் சிம்பொனி. 1925 பிப்ரவரி 14 அன்னைக்கு லிங்கன் ஹைஸ்கூல் அரங்கத்துல முதல் கச்சேரி. காதலர் தினம். டிக்கெட் எடுத்தவங்கல்லாம் அப்பா அம்மாவா தான் இருந்திருப்பாங்கன்னு நினைக்கறேன்.

கெர்ஷ்கோவிச், பிள்ளைங்க தானேன்னு எதையும் லேசாக்கல. பெரியவங்க வாசிக்கற மூலப் பிரதியையே முன்னாடி வச்சார். கஷ்டமான இடம் வந்தா வெட்டல, திரும்பத் திரும்ப வாசிக்க வச்சார். 1953ல சாகற வரைக்கும் இதே வேலை. கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

அவர்கிட்ட படிச்ச ஜேக்கப் அவ்ஷலோமோவ் 1954ல வந்தார். இவர் கதை இன்னும் சுவாரசியம். பொறந்தது 1919ல சீனாவுல, சிங்தாவ் ஊர்ல. அப்பா ஆரன் அவ்ஷலோமோவும் இசையமைப்பாளர். சீன ராகங்களை மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவுக்குள்ள கொண்டு வந்தவர். (இதைப் படிச்சதும் உங்களுக்கு ஒரு பண்ணைப்புரத்துக்காரர் ஞாபகம் வந்திருக்குமே. எனக்கும் தான்.) மகன் நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டில வாத்தியார் வேலை பாத்துட்டு இருந்தார். அதை விட்டுட்டு, ஸ்கூல் பசங்களுக்குக் குச்சி ஆட்ட போர்ட்லாந்து வந்தார்.

எத்தனை வருஷம் இருந்தார்ங்கறீங்க? நாப்பத்தியொரு வருஷம். 1995 வரைக்கும்.

முதல் எழுபது வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு கண்டக்டர். நம்ம வீட்டுல ஒரு மிக்ஸி மூணு வருஷம் தாங்க மாட்டேங்குது.

இவர் காலத்துல தான் பசங்க வெளிநாடு போய் வாசிச்சாங்க. 1978ல பேரும் மாறிச்சு, ஜூனியர் சிம்பொனி போய் யூத் ஃபில்ஹார்மோனிக். (பதினேழு வயசு டிராம்போன் பையனைப் போய் ஜூனியர்னு கூப்பிட்டா அவனுக்குக் கோவம் வராதா?)

*

இதுல நான் பொத்தி வச்சிருக்கற ஆளு ஒருத்தங்க இருக்காங்க. மெய்-ஆன் சென்.

தைவான் பொண்ணு. வயலின். 1989ல ஒரு அமெரிக்க யூத் ஆர்கெஸ்ட்ரா அவங்க ஊருக்கு வந்து வாசிச்சுது. இவங்க போய் கேட்டுட்டு, மறுநாள் அந்தக் கண்டக்டர் முன்னாடி வாசிச்சுக் காட்டினாங்க. அப்படியே அமெரிக்கால படிக்க இடம் கிடைச்சுது. அப்போ வயசு பதினாறு. 2002ல இருந்து 2007 வரைக்கும் போர்ட்லாந்து யூத் ஃபில்ஹார்மோனிக்குக் கண்டக்டர். நடுவுல 2005ல கோபன்ஹேகன்ல மால்கோ கண்டக்டர் போட்டி. அதுல ஜெயிச்ச முதல் பெண் இவங்க தான்.

யூத் ஆர்கெஸ்ட்ரா கூட்டிட்டு வந்த பொண்ணு யூத் ஆர்கெஸ்ட்ராவுக்கே கண்டக்டர் ஆன கதை. பொண்ணுகிட்ட இதை உணர்ச்சி பொங்கச் சொன்னேன்.

"நீ ஏன்மா அழற?"ன்னா.

2008ல இருந்து டேவிட் ஹாட்னர். இப்போ ஒரே ஒரு ஆர்கெஸ்ட்ரா இல்ல, படிப்படியா ஏறிப் போற மாதிரி. சின்னப் பிள்ளைங்களுக்கு தனி தந்திக் குழு, அதுக்கு மேல கன்சர்வேட்டரி ஆர்கெஸ்ட்ரா, ஊது வாத்தியங்களுக்கு தனிக் குழு, உச்சியில ஃபில்ஹார்மோனிக். எங்க பொண்ணு போன வருஷம் சின்னப் பிள்ளைங்க குழுல இருந்தா. இந்த வருஷம் ஒரு படி ஏறினா. ஏறின இடத்துல கடைசி வரிசை.

மாமாவுக்குத் தெரியாதது இது தான். கடைசி வரிசைன்னு நான் சொன்னேன். எந்த மாடியோட கடைசி வரிசைன்னு அவர் கேக்கல.

*

சரி, அங்க என்ன தான் சொல்லித் தராங்க?

ஒத்திகைக்கு மகளை விட்டுட்டு நான் கார்ல உக்காந்திருப்பேன். ஃபிளாஸ்க்ல காபி, மழை, ஆபீஸ் மெயில். ஒரு நாள் குளிர் தாங்கல, உள்ள போய் ஓரமா உக்காந்தேன். அன்னைல இருந்து கார்ல உக்காரறதே இல்ல.

முதல் பாடம்: பென்சில்.

நெஜமாத்தான். பென்சில் இல்லாம வந்தா பார்வையிலயே கொன்னுருவாங்க. ஏன்னா வில்லை மேல தள்ளணுமா கீழ இழுக்கணுமான்னு அந்தப் பகுதியோட தலைவர் முடிவு பண்ணுவார். அதை எல்லாரும் நோட்ஸ்ல குறிச்சுக்கணும். பத்து வில்லும் ஒரே பக்கம் போகணும். அழகுக்காக மட்டும் இல்ல. இழுக்கற வில்லும் தள்ளற வில்லும் கேக்கறதுக்கே வேற மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் கச்சேரில அதைப் பாத்துட்டு, "அட, எப்படி ஒரே மாதிரி ஆட்டறாங்க, திறமை தான்"னு நினைச்சேன். திறமையும் தான். பென்சிலும் தான்.

ரெண்டாவது: பக்கத்தைத் திருப்பறது.

ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். உள்பக்கம் உக்காந்தவர் வாசிக்கறதை நிறுத்திட்டு பக்கம் திருப்பணும், வெளிப்பக்கம் இருக்கறவர் விடாம வாசிக்கணும். இதுல சண்டை வரும். "அவன் லேட்டா திருப்பறான்மா"ன்னு எங்க வீட்டுலயே ஒரு மாசம் ஓடிச்சு. அப்புறம் ஒரு நாள் பொண்ணு உள்பக்கம் மாறினா. அடுத்த வாரத்துல இருந்து அவனைப் பத்திப் புகார் இல்ல.

மூணாவது தான் எனக்குப் பெரிய அதிசயம்: சும்மா இருக்கறது.

துவோர்ஷாக்கோட நியூ வேர்ல்ட் சிம்பொனி இருக்கே, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதுல சிம்பல் ஒரே ஒரு தடவை வரும். ஒரே ஒரு தடவை! கடைசி பாகத்துல, அதுவும் மெதுவா. டியூபாவுக்கு ரெண்டாவது பாகத்துல மட்டும் கொஞ்சம் சுரம், மத்தபடி வேலையே இல்ல. பிராம்ஸோட முதல் சிம்பொனில டிராம்போன்காரங்க நாலாவது பாகம் வரைக்கும் வாயைத் திறக்கவே கூடாது.

அத்தனை நேரம் என்ன பண்ணுவாங்க? எண்ணுவாங்க. ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலுன்னு, எத்தனையாவது மெஷர்னு (நம்ம ஆவர்த்தனம் மாதிரி) விடாம. எண்ணிக்கை விட்டுப் போச்சுன்னா அவ்வளவு தான், அடுத்தவங்க வாசிக்கறதைக் கேட்டுத் தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கணும். ஃபோனைத் தொடாம அரை மணி நேரம் கவனிச்சுக்கிட்டே சும்மா இருக்கற பதினஞ்சு வயசுப் பையனை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. (நாப்பத்தஞ்சு வயசுப் பையனையும் தான். வீட்டுலயே ஒருத்தர் இருக்கார்.)

*

கடைசி வரிசைக்கு வர்றேன். அதுக்குத் தானே உக்காந்தேன்.

பொண்ணுக்குக் கடைசி ஸ்டாண்ட்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் ஒரு காரியம் பண்ணேன். தினமும் ஒரு மணி நேரம், முதல்ல இருந்து கடைசி வரைக்கும் மூணு தடவை வாசின்னு உக்கார வச்சேன். மூணு வாரம். தப்பு வர்ற இடத்துல தப்பு இன்னும் அழகா, உறுதியா வந்துச்சு. நான் தப்பை சாதகம் பண்ண வச்சிருக்கேன்.

அப்புறம் ஒரு பயிற்சியாளர் அவகிட்ட சொன்னாராம், தப்பு வர்ற அந்த ரெண்டு மெஷரை மட்டும் எடு, பாதி வேகத்துல வாசி, மிச்சத்தைத் தொடாதேன்னு. நாலே நாள்ல சரியாப் போச்சு. என் மூணு வாரம்? அது போச்சு. அவ இன்னும் அதைச் சொல்லிக் காட்டறா.

அவர்கிட்டயே தயங்கித் தயங்கிக் கேட்டேன். கடைசி ஸ்டாண்ட்னா மோசமா வாசிக்கறவங்களா?

அவர் சொன்னது: முன்னாடி உக்காந்தவங்களுக்கு கண்டக்டர் கைக்கெட்டற தூரம். பின்னாடி இருக்கறவங்க முன் வரிசை சத்தத்தைக் கேட்டு வாசிச்சா போச்சு, அது காதுக்கு வந்து சேரறதுக்குள்ள நேரம் தாண்டிடும். காதை நம்பாம குச்சியைப் பாத்து வாசிக்கணும். அதே நேரம் முன்னாடி இருக்கறவங்களோட ஒட்டணும். கடைசில இருக்கறவங்களைச் சுத்தி மறைக்கற அளவுக்கு ஆளும் கம்மி. கடைசி ஸ்டாண்ட் உறுதியா இருந்தா மொத்தப் பகுதியும் கெட்டியா கேக்கும். அங்க பயந்து பயந்து வாசிச்சா, முன்னாடி நாலு பேர் மட்டும் வாசிக்கற மாதிரி இருக்கும்.

நம்ம பக்கம் நான் வளந்த விதம் வேறங்க. குரு முன்னாடி ஒரு சிஷ்யை. அரங்கேற்றம்னா நடுவுல ஒருத்தி. மத்தவங்க பக்கவாத்தியம். அதோட அழகே வேற, அதை நான் குறை சொல்லல. திருச்சில எங்க அம்மா பாட்டு கத்துக்கிட்டவங்க. நானும் வர்ணம் வரைக்கும் வந்து ஓடினவ. ஆனா அந்தப் பழக்கத்துல "எங்க உக்காந்திருக்கா"ங்கறது தான் முதல் கேள்வியா வாயில வருது. ஆர்கெஸ்ட்ராவுல அந்தக் கேள்விக்கு அர்த்தம் கொஞ்சம் தான்.

வயோலா வாசிக்கறவங்களுக்கு மெட்டு எப்பவாவது தான் கிடைக்கும். மெட்டு வயலினுக்குப் போயிரும். வயோலா நடுவுல நிரப்பும். இப்ப ராஜா சார் பாட்டு கார்ல ஓடினா பொண்ணு சொல்றா, "அம்மா, குரலைக் கேக்காத. அதுக்குக் கீழ தந்தி வாத்தியம் என்ன பண்ணுதுன்னு கேளு." முப்பது வருஷமா கேட்ட பாட்டு. கீழ ஒரு தனிப் பாட்டே ஓடிட்டு இருந்திருக்கு. நான் ஒண்ணுக்கு ஒண்ணு ஃப்ரீன்னு தெரியாமலே ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கேன்.

*

போன டிசம்பர் அம்மா இங்க இருந்தாங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல இவங்களுக்கு ஒரு கச்சேரி உண்டு. எல்லாக் குழுவும் வாசிப்பாங்க. இடம் போர்ட்லாந்து டவுன்டவுன்ல ஆர்லீன் ஷ்னிட்சர் ஹால். 1928ல சினிமா தியேட்டரா கட்டினது, ரெண்டாயிரத்து எழுநூறு சீட்டுக்கு மேல. நான் முதல்ல கற்பனை பண்ண ஷாண்டிலியர் அங்க தான் இருந்துச்சு.

அம்மா பட்டுப் புடவை, மேல என் ஸ்வெட்டர், அதுக்கு மேல எங்க வீட்டுக்காரர் ஜாக்கெட். புடவை யாருக்கும் தெரியல.

"சுருதி சேக்கறதே இவ்வளவு நல்லா இருக்கேடி"ன்னாங்க. ஓபோங்கற ஊது வாத்தியம் ஒரு சுரம் பிடிக்க, எல்லாரும் அதுல சேந்துக்குவாங்க.

முதல் பாகம் முடிஞ்சதும் அம்மா கையைத் தட்டிட்டாங்க. ரெண்டாயிரம் பேர் அமைதில ஒரே ஒரு கைதட்டல். வளையல் சத்தத்தோட. சிம்பொனில நாலு பாகமும் முடிஞ்ச பிறகு தான் தட்டணும்னு நான் சொல்ல மறந்துட்டேன். 

"நல்லா இருந்தா தட்டக் கூடாதா? என்ன ஊருடி இது"ன்னு அம்மா என்னைத் தான் முறைச்சாங்க. (எனக்கு அம்மா கட்சி தான். வெளில சொல்லிக்கறதில்ல.)

கடைசில தான் விஷயம். பழைய மாணவர்களும் மேடைக்கு வருவாங்க. கல்லூரிப் பசங்க, நரைச்ச தலை, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கிட்டு ஒருத்தர், வாத்தியத்தையும் கைத்தடியையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர். இவங்கள்ல எல்லாரும் இசையைப் பிழைப்பா எடுத்தவங்க இல்ல. அப்படி எடுத்தவங்களும் இருக்காங்க. ஜூலியார்ட் குவார்டெட்டைத் தொடங்கி ஐம்பது வருஷம் முதல் வயலின் வாசிச்ச ராபர்ட் மான் இந்த ஊர்க்காரர், சின்ன வயசுல இந்த ஆர்கெஸ்ட்ரால உக்காந்தவர். ஆனா அன்னைக்கு மேடை ஏறினதுல எனக்குப் பக்கத்து சீட்டுல இருந்த ஒரு லேடியோட வீட்டுக்காரர் பல் டாக்டராம். வருஷத்துக்கு ஒரு தடவை செல்லோவை எடுத்துத் தூசி தட்டுவாராம்.

அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கார்ல பேத்திகிட்ட கேட்டாங்க: "இத்தனை பேர் வாசிக்கறீங்களே, ஒருத்தர் தப்பு பண்ணா யாருக்குடி தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் பாட்டி."

"அப்ப ஒருத்தர் நல்லா வாசிச்சா?"

கொஞ்சம் யோசிச்சா. "அது யாருக்கும் தெரியாது பாட்டி. தெரிஞ்சா தப்பு."

அம்மா திருச்சிக்குப் போன பிறகும் இதைத் தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க.

*

இது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்ல. வெனிசுவேலால கராகஸ் நகரத்துல 1975ல ஹோசே அன்டோனியோ அப்ரேயு ஒரு கார் நிறுத்தற இடத்துல பதினோரு பேரோட ஆரம்பிச்சது நாடு முழுக்கப் பரவிச்சு. குஸ்தாவோ துதமெல் அங்க இருந்து வந்தவர் தான். சென்னைலயே ரஹ்மானோட கே.எம். இசைக் கல்லூரி வழியா சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா இருக்கு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்கு இலவசமா வயலினும் செல்லோவும் கத்துத் தராங்க. சென்னைல இருக்கறவங்க கச்சேரி அறிவிப்பு பாத்தா போய்க் கேளுங்க. மத்த ஊர்க்காரங்க உங்க ஊர்ல இருக்கான்னு விசாரிங்க.

ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப எனக்குத் தோணுது. பர்ன்ஸ் மாதிரி ஒரு ஊர்ல மேரி டாட்ஜ் இந்தப் பிள்ளை முன் வரிசையா பின் வரிசையான்னு பாத்திருக்க மாட்டாங்க. பாக்கற அளவுக்கு அங்க பிள்ளைங்களே இல்ல. வந்தது எல்லாமே வேணும். நூறு வருஷம் ஓடினதுக்கு அது தான் காரணம்னு என் கட்சி.

அந்த மாமா இந்தப் பதிவைப் படிப்பார்னு நினைக்கறேன். கோவிச்சுக்காதீங்க மாமா. இந்த டிசம்பர் கச்சேரிக்கு உங்களுக்கும் மாமிக்கும் சேத்து டிக்கெட் எடுத்துடறேன். மேடைக்கு வலப்பக்கம் பாருங்க, வயோலா பகுதி பெரும்பாலும் அந்தப் பக்கம் தான். அதுல கடைசி ஸ்டாண்ட், உள்பக்கம். பக்கம் திருப்பறவ எங்க பொண்ணு.

நடுவுல கைதட்டணும்னு தோணினா தட்டிக்கோங்க. எங்க அம்மா ஏற்கனவே பழக்கிட்டாங்க.